பச்சை மை வைத்தியம்
1982-இல் கடைக்கு வந்த சிடி, விநாடிக்கு 44,100 முறை ஒலியை எண்ணாக்கி வைத்திருக்கும் தட்டு. இரண்டு மில்லிமீட்டர் கீறல் விழுந்தாலும், விட்டுப்போன எண்களைக் கருவியே கணக்குப் போட்டு மீட்டுவிடும். பாவம், ஓரத்தில் மை பூசிவிடத்தான் ஆளில்லை.

1990 வாக்கில் அந்தக் குறையும் தீர்ந்தது. சிதறும் சிவப்பு ஒளியைப் பச்சை மை உறிஞ்சிவிடுமாம், பாட்டு பளிச்சென்று கேட்குமாம். கருவிக்குள் இருப்பதோ கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்புக் கதிர். இருக்கட்டும், பேனா நல்ல பேனா. பிறகு காந்தம் நீக்கும் கருவி வந்தது. காந்தம் ஒட்டாத அலுமினியத்திலிருந்தே காந்தத்தைப் பிடுங்குவதென்றால் சும்மாவா!

மலேசியாவின் பாக்கார் ஆராங் ரசிகருக்குச் செலவில்லாத வழியும் உண்டு: ஐஸ் பெட்டி. கெம்போங் மீனுக்குப் பக்கத்தில் ராத்திரி முழுக்க வைத்தெடுத்தால், இளையராஜாவின் வயலின்கள் விறைப்பாக எழுந்து நிற்கும்.

பூசிய தட்டையும் பூசாத தட்டையும் கணினியில் ஒப்பிட்டால், ஓர் எண்கூட மாறியிருக்காது. கணினிக்கு ஏது இசை ஞானம்?

இத்தனை வைத்தியமும் பார்த்த தட்டு, பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய நகல். பழைய கேசட்டிலிருந்து எடுத்தது. கேசட்டின் இரைச்சல் இப்போது துல்லியமாகக் கேட்கிறதாம்.