கைராசிக்காரனும் 1946 மாடல் பிரேக்கும்

ஊருக்குப் போகும்போதெல்லாம் எனக்குச் சொந்தமாக விமானம் இருக்கிறது என்று சொல்லிக்கொள்வேன். பங்கு மூன்றில் ஒன்றுதான் என்பதை யாராவது கேட்டால் மட்டும் சொல்வேன். 1946-இல் அமெரிக்காவின் விச்சிட்டா நகரில் செய்த செஸ்னா 140. இரண்டு பேர் தோளை இடித்துக்கொண்டு உட்காரலாம். 85 குதிரைசக்தி என்ஜின், முன்னால் இரண்டு பெரிய சக்கரம், வாலில் ஒரு குட்டிச் சக்கரம். மற்ற இரண்டு பங்காளிகளும் அதில் பறக்கிறார்கள். நான் ஹேங்கர் தரையில் அட்டையை விரித்துப் படுத்துக்கொண்டு பிரேக்கை நோண்டுகிறேன். யாரும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. பிழைப்பு கம்ப்யூட்டரில். நன்றாக ஓடுகிற எதையும் அடுத்த வெர்ஷனுக்கு மாற்றாமல் விடாத கை இது.

அந்தக் காலத்து விமானங்களில் பிரேக் அப்படியொன்றும் பெரிய ஆள் இல்லை. இறங்கியபின் வேகத்தைப் பெரும்பாலும் காற்றும் புல்தரையுமே தின்றுவிடும். தரையில் திரும்பும்போது ஒரு பக்கச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளவும், கிளம்பும் முன் என்ஜினை முறுக்கிச் சோதிக்கும்போது நகராமல் நிற்கவும்தான் பிரேக் அதிகம் வேண்டியிருக்கும். 1927-இல் லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தாண்டிப் பாரிஸில் இறங்கிய விமானத்தில் பிரேக்கே கிடையாது. இங்கிலாந்தில் செய்த பழைய டைகர் மாத்துகளும் வாலில் ஒரு சறுக்குக் கட்டையைத் தரையில் இழுத்துக்கொண்டேதான் நின்றன. இதெல்லாம் படித்தவன்தான் நான். இருந்தாலும் கார் மாதிரி, மிதித்த இடத்தில் நிற்க வேண்டும் என்று ஆசை.

எங்கள் விமானத்தில் இருந்தது குட்இயர் டிஸ்க் பிரேக். அதில் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பர் அசையாது, டிஸ்க்தான் அசையும். டிஸ்க்கின் விளிம்பு சக்கரத்தின் உட்புறத்தில் கோத்திருக்கும். சக்கரத்தோடு சுற்றிக்கொண்டே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொஞ்சம் நகர்ந்துகொள்ளும். கடகடவென்று ஆடாமல் இருக்கச் சின்னச் சின்ன கிளிப்புகள் உண்டு. எங்களுடையது ஆடியது. வருடாந்தரச் சோதனைக்காக மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிடப் போன நேரத்தில், அந்தக் கிளிப்புகளைக் குறடால் நன்றாக நெரித்துவிட்டேன். சத்தம் நின்றது. எனக்கு ஒரே பெருமை. கொஞ்ச நாளில் விமானம் தரையில் இடது பக்கமே இழுக்க ஆரம்பித்தது. பங்காளிக்கு இடது கால் கனம், ரட்டரைச் சரியாகப் பிடிக்கத் தெரியவில்லை என்று முடிவுகட்டி அவருக்கு நீளமாக ஒரு வகுப்பும் எடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், பாவம். நகர வேண்டிய டிஸ்க்கை நகரவிடாமல் கட்டிப்போட்டால் அது ஒரு பக்க பேடை உரசிக்கொண்டேதான் சுற்றும் என்பது மெக்கானிக் மறுபடி பிரித்தபோதுதான் எனக்கு விளங்கியது. வகுப்பை நான் இன்னும் வாபஸ் வாங்கவில்லை.

அடுத்தது ஆயில். அமெரிக்கச் சட்டப்படி, விமானி உரிமம் உள்ள சொந்தக்காரர் சில சில்லறை வேலைகளைத் தானே செய்யலாம். பிரேக்கைப் பிரித்துப் பழுதுபார்க்கக் கூடாது. அதை உரிமம் பெற்ற மெக்கானிக் செய்ய வேண்டும், அல்லது அவர் கண் பார்வையில் நாம் செய்து அவர் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் தொட்டியில் ஆயில் குறைந்தால் ஊற்றிக்கொள்ளும் உரிமை நமக்கு உண்டு. சட்டம் எனக்குக் கொடுத்த அந்தச் சின்ன உரிமையை வைத்துக்கொண்டுதான் பெரிய காரியம் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார் டிக்கியில் கிடந்த பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து ஊற்றிவிட்டேன்.

விமானத்துக்கு ஊற்ற வேண்டியது மில்-எச்-5606 என்ற சிவப்பு மினரல் ஆயில். காரில் ஊற்றுவது கிளைக்கால் சார்ந்த திரவம். விமான பிரேக்கின் நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங்குகள் மினரல் ஆயிலில் சுகமாக இருக்கும். கிளைக்காலில் ஊறினால் உப்பி, இளகி, வேலைக்கு ஆகாமல் போகும். விமானம் கிளம்பும் முன்பே விஷயம் வெளிப்பட்டதற்குக் காரணம் என் சாமர்த்தியம் இல்லை. எனக்கு டப்பாவைத் தூக்கிப் போடத் தோன்றவில்லை, அவ்வளவுதான். சக்கரத்தடியில் அதைப் பார்த்த மெக்கானிக் தொட்டியில் விரலை விட்டுப் பார்த்தார், முகர்ந்தார். திட்டவில்லை. எனக்குக் குழந்தைகள் உண்டா என்று மட்டும் கேட்டார். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சக்கரம் வரைக்கும் அத்தனையும் பிரித்து, கழுவி, ரப்பர் எல்லாம் புதிதாகப் போட்டார். பில்லை மூன்றாகப் பிரிக்க எனக்கு வாய் வரவில்லை.

பிரித்துப் பூட்டினால் குழாயில் காற்று இருக்கும், அதை எடுக்க வேண்டும். காரில் மேலேயிருந்து பெடலைக் குத்திக் குத்திக் கீழே திருகைத் திறந்து எடுப்போம். இந்தக் குட்டி விமானத்தில் அந்த வேலை அவ்வளவு சுலபமாக நடக்காது. காற்று மேலே போக நினைக்கும், நாம் கீழே இறக்கப் பார்ப்போம். அதனால் சக்கரத்தடியிலிருந்து ஆயில் பம்ப்பால் மேல்நோக்கித் தள்ளுவார்கள். தானாக மேலே போகும் காற்றோடு சண்டை போடாத முறை. இதையும் மெக்கானிக் முன்னிலையில் நானே செய்கிறேன் என்று பிடிவாதமாக வாங்கிக்கொண்டேன். இந்த விமானத்தில் மாஸ்டர் சிலிண்டர்கள் விமானியின் காலடியில், பெடலோடு சேர்ந்தே இருக்கும். கீழே ஒருவர் பம்ப் அடித்தால் மேலே ஒருவர் உட்கார்ந்து நிரம்புகிறதா என்று பார்க்க வேண்டும். மேலே பார்க்க என் மனைவியை உட்கார வைத்திருந்தேன். எப்போது நிறுத்தச் சொல்ல வேண்டும் என்பதைச் சொல்லி வைக்க மறந்துவிட்டேன். நான் உற்சாகமாக அடித்துக்கொண்டே இருக்க, "ஏங்க, இங்க சிவப்பா ஏதோ பொங்கி வருதே, இது வரணுமா?" என்று குரல் வந்தது. தரைவிரிப்பு, அவளுடைய வெள்ளை செருப்பு, பங்காளி புதிதாக வாங்கி வைத்திருந்த வரைபடம் எல்லாம் செக்கச்செவேலென்று ஆகிவிட்டன. காற்று மட்டும் சுத்தமாக வெளியேறியிருந்தது. அந்தச் செருப்பைப் பற்றி வீட்டில் இன்னமும் பேச்சு ஓய்ந்தபாடில்லை.

இவ்வளவுக்கும் பிறகு ஒழுங்காக இருந்திருக்க வேண்டும். நான் கிளீவ்லேண்ட் பிரேக்குக்கு மாற வேண்டும் என்று ஆரம்பித்தேன். பழைய குட்இயர் உதிரிபாகம் கிடைப்பது கஷ்டம் என்பது என் வாதம், அது நியாயமானதும்கூட. கிளீவ்லேண்டில் எல்லாம் தலைகீழ். டிஸ்க் சக்கரத்தோடு போல்ட் போட்டு நிற்கும், கேலிப்பர்தான் இரண்டு முளைகளில் வழுக்கி நகரும். இந்த மாற்றத்துக்கு அங்கீகாரச் சான்று, படிவம் 337, ஆய்வு அதிகாரமுள்ள மெக்கானிக்கின் கையெழுத்து எல்லாம் வேண்டும். அவையெல்லாம் முறையாக நடந்தன. முறையில்லாமல் நடந்தது என் பங்கு. பேடை அதன் தகட்டில் ரிவெட் அடித்துப் பொருத்த வேண்டும். எனக்குச் சுத்தியல் கிடைத்தால் போதும், ஓங்கி ஒரு அடி, பேட் விரிசல் விட்டுவிட்டது. வழுக்கும் முளைகளுக்கு ஈரமில்லாத மசகுதான் போட வேண்டும். கிரீஸ் போட்டால் தூசியைச் சேர்த்துப் பிசின் மாதிரி இறுகிக்கொள்ளும். நான் தாராளமாக கிரீஸ் போட்டேன். வழித்து எடுத்ததும் நான்தான்.

புதுப் பேடைப் பழக்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. 30 முதல் 35 நாட் வேகத்திலிருந்து, டிஸ்க் ஆறுவதற்குள் அடுத்தடுத்து இரண்டு தடவை முழுதாக நிறுத்த வேண்டும். சூடு ஏறினால்தான் பேட் பக்குவமாகும். இதைச் செய்யாமல் மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டிருந்தேன். என்ஜின் சோதனையின்போது இரண்டு பெடலையும் மிதித்தபடி இருந்தும் விமானம் நைசாக முன்னால் நகர்ந்தது. பிரேக் மோசம் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

பழக்கியபின் பிரேக் உண்மையாகவே பிடித்தது. அங்கேதான் எனக்குக் கடைசிப் பாடம். வால்சக்கர விமானத்தின் கனம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. சக்கரத்தை அழுத்திப் பிடித்தால், முன்பிரேக்கை மட்டும் இறுக்கிய சைக்கிள் மாதிரி, பின்பக்கம் எழும்பும். 140 இந்த விஷயத்தில் கொஞ்சம் பேர்போனது. சக்கரத்தை சுமார் 3 அங்குலம் முன்னால் தள்ளி வைக்கும் துண்டுகளைப் பலர் அதற்காகவே மாட்டிக்கொள்வார்கள், பின்னால் வந்தவற்றில் கம்பெனியே காலை முன்தள்ளி வைத்தது. ஒரு நாள் இறங்கியதும், ஓடுபாதையின் முதல் திருப்பத்திலேயே வெளியேறி, பார்த்துக்கொண்டிருந்த பங்காளியிடம் கெட்டிக்காரத்தனம் காட்ட நினைத்து மிதித்தேன். வால் எழுந்தது. கண்ணாடி முழுக்க ஓடுபாதை. காலை எடுத்துவிட்டேன், வால் தொப்பென்று இறங்கியது. புரொப்பெல்லர் தரையில் பட்டிருந்தால் என்ஜினையே பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். பழைய பலவீனமான பிரேக்கில் என் காலுக்கு இந்தச் சக்தியே இருந்திருக்காது.

மாற்றியது தப்பு என்று சொல்ல மாட்டேன். காற்றடிக்கும் நாளில் குறுகிய பாதையில் திரும்ப நல்ல பிரேக் வேண்டும்தான், இப்போது அது இருக்கிறது. பேட் 0.100 அங்குலத்துக்குக் கீழே தேயும்வரை ஓடும். அதை மாட்டியது மெக்கானிக், ரிவெட் அடித்ததும் அவர். பழக்கியது இரண்டாவது பங்காளி. பதிவேட்டில் என் பெயர் ஒரே ஒரு வேலைக்கு எதிரே இருக்கிறது: சக்கர பேரிங்கைக் கழுவி கிரீஸ் வைத்தது.