காகிதக் கப்பல் அசைபடவியல்: நான்காம் மடிப்பு மறைந்த வரலாறு

மழை நாளில் குடும்பத்தோடு உட்கார்ந்து காகிதக் கப்பல் செய்யக் கற்பிக்கும் அனிமேஷன் வீடியோக்களை அறிவுலகம் இதுவரை சீந்தாதது பெருங்குறை. அக்குறையைப் போக்கவே இவ்வாய்வு எழுந்தது. மரபுப்படி தோற்றம், வகை, உறுப்பு ஆகியவற்றைச் சொல்லி முடித்த பிறகே கப்பலைத் தொட முடியும். அதற்குள் மழை நின்றுவிட்டால் ஆய்வு பொறுப்பேற்காது.

தோற்றம்: 1908இல் பிரான்சின் எமில் கோல் ஏறத்தாழ 700 ஓவியங்களைக் கொண்டு ‘ஃபான்டஸ்மகோரி’ என்ற அசைபடத்தை உருவாக்கினார். அது யாருக்கும் கப்பல் செய்யக் கற்பிக்கவில்லை. ஆகவே இங்கே பொருந்தாது. பொருந்தாத ஒன்றைச் சொல்லாமல் ஆய்வேட்டின் முதல் பக்கம் நிரம்புவதில்லை.

வகை: சாதாக் கப்பல், கத்திக் கப்பல் என இரண்டு. கத்திக் கப்பல் செய்யத் தெரிந்தவர்கள் வீடியோ பார்ப்பதில்லை.

உறுப்பு: கதைவசனம், ஸ்டோரிபோர்டு, குரல், ஓவியம். குரலை முதலில் பதிவு செய்து, அதன் நீளத்துக்குப் படத்தை அசைப்பது வழக்கம். விநாடிக்கு 24 ஃபிரேம். ஓர் ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் 12 ஓவியம் போதும். டிஸ்னி ஓவியர்கள் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் வெளியிட்ட நூலில் அசைபடத்துக்குப் 12 கோட்பாடுகள் வகுத்தனர். முதற்கோட்பாடு, உருவம் நசுங்கவும் நீளவும் வேண்டும் என்பது. காகிதம் நீளாது, கிழியும் (அத்தை, கூடத்து உரை). இம்முரணை மறைக்கவே காகிதத்துக்குக் கண்ணும் வாயும் வரைகிறார்கள். அதற்கு வலிக்குமென்று குழந்தை மடிக்க மறுப்பதும் உண்டு (சித்தப்பா, ‘மடிபடாக் காகிதம்’, மொட்டைமாடிப் பதிப்பு, வடாம் காய்ந்த பக்கம்).

இனி மையப் பொருள். தாளை இரண்டாக மடிப்பது முதற்படி. மேல்முனைகள் இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவருவது இரண்டாம் படி. கீழே மிஞ்சிய பட்டைகளைப் பக்கத்துக்கு ஒன்றாக மேலே ஏற்றினால் தொப்பி, இது மூன்று. இதுவரை வீடியோவில் காகிதம் சாதுவாக மடிகிறது. ஓவியருக்கும் சிரமமில்லை, தட்டையான முக்கோணங்கள் நகர்ந்தால் போதும்.

நான்காம் படியில்தான் வினை. தொப்பியின் வாய்க்குள் இரு கட்டைவிரலையும் விட்டு, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் விலக்கி, பக்கத்து மூலைகள் இரண்டும் ஒன்றையொன்று தொடும்வரை இழுத்துச் சாய்சதுரமாக அமுக்க வேண்டும். தட்டையாக இருந்த காகிதத்துக்கு இங்கே வயிறு வருகிறது, உட்புறம் தெரிகிறது. ஒவ்வொரு கோணத்தையும் புதிதாக வரைய வேண்டும். ஆகவே திரையில் ஒரு புகை, நான்கு நட்சத்திரம், ‘டிங்’ என்றொரு மணியோசை. புகை விலகினால் சாய்சதுரம் சிரிக்கிறது. ஆறாம் படியிலும் இதையே செய்ய வேண்டும் என்பதால் புகையும் இருமுறை வரும். வீட்டில் அப்பா வீடியோவை நிறுத்தி, பின்னுக்குத் தள்ளி, மறுபடி ஓடவிட்டு, மறுபடியும் புகையையே காண்கிறார்.

இச்சிக்கலுக்கு ஜப்பானின் அகிரா யோஷிசாவா 1954இல் வெளியிட்ட நூலிலேயே வழி காட்டினார். துண்டுக் கோடு உள்மடிப்பு, துண்டும் புள்ளியும் கலந்த கோடு வெளிமடிப்பு, எப்பக்கம் திருப்புவதென்பதற்கு அம்புக்குறி. அசையாத அம்பு சொன்னதை, வீடியோவில் கற்பிக்க வந்து அசைகிற கரடிக்குட்டியால் சொல்ல முடியவில்லை.

புகைக்கு நம் முன்னோடிகள் யாரென்று ஆராய்ந்தால் அறிஞர் பெருமக்களிடமே போய் நிற்க வேண்டியிருக்கிறது. எளிய வரிக்கு நான்கு பக்கப் பதவுரை எழுதுவோர், சிக்கலான இடம் வந்ததும் ‘விரிப்பின் பெருகும்’ என்றோ ‘வல்லார்வாய்க் கேட்டுணர்க’ என்றோ எழுதி அடுத்த பாட்டுக்குத் தாண்டிவிடுவார்கள். அவர்களிடம் ‘டிங்’ மட்டும்தான் இல்லை. இது குறித்துப் பாட்டி தெளிவாகவே கூறியுள்ளார் (‘கப்பற் பெருநூல்’, தாழ்வாரப் பதிப்பு, இரண்டாம் மழை, எதிர்வீட்டுப் பெரியம்மாவின் கண்டன உரையுடன், ஏட்டின் பிற்பகுதி வாய்க்காலில் மிதந்துபோனதால் மேற்கோளை அங்கே சென்று காண்க).

படம் எடுப்போருக்கு ஆய்வின் பரிந்துரை ஒன்றே: தொடக்கத்தில் கரடிக்குட்டி கையாட்டி வணக்கம் சொல்லும் பத்து விநாடியை வெட்டி நான்காம் படிக்குக் கொடுங்கள். இரண்டு கட்டைவிரலை மட்டும் வரைந்தால் போதும்.