ஓட்டுநரைப் பிடி, விசாரணையை முடி

கணினியில் ரயில் விட்டு விளையாடுகிறவர்களைப் போல விவரம் கெட்டவர்கள் உலகத்தில் இல்லை. 2001-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிலிருந்து ஆரன் என்ற நிறுவனம் ‘டிரெய்ன்ஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட்டும் ஒரு ரயில் விளையாட்டைக் கொண்டுவந்தது. அன்று தொடங்கி இன்றுவரை இந்தப் பிள்ளைகள் (ஐம்பது வயதுப் பிள்ளைகளும் உண்டு) ஒரே புகாரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்: கணினி ஓட்டுகிற ரயில் சொன்னபடி கேட்பதில்லை. நடுக்காட்டில் நின்றுவிடுகிறது. போகவேண்டிய பாதையை விட்டுப் பக்கத்துப் பாதையில் நுழைகிறது. சில நேரம், நிற்கிற சரக்கு ரயிலில் போய் முட்டுகிறது.

முட்டியதும் இவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? முதலில் சிக்னலைப் பார்க்கிறார்கள். இந்த விளையாட்டில் சிக்னலுக்கு முகம் உண்டு. திசை மாற்றி நட்டுவிட்டால் வருகிற ரயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். கணினி ஓட்டுநரைப் பொறுத்தவரை அங்கே சிக்னலே இல்லை. அடுத்தது பாயிண்ட். தண்டவாளம் பிரியும் இடத்தில் வழி மெயின் லைனுக்கு இருக்கிறதா, லூப் லைனுக்கு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்ப்பார்கள். பிறகு தண்டவாளம். இரண்டு துண்டுகள் ஒட்டியிருப்பதுபோலத் தெரியும். நெருங்கிப் பார்த்தால் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும். அதன் பிறகு, எப்போதோ கழற்றிவிட்டு மறந்துபோன ஒற்றைச் சரக்குப் பெட்டியைத் தேடுவார்கள். அது லைனில் நிற்கும்வரை பின்னால் இருக்கிற சிக்னல் சிவப்பிலிருந்து மாறாது. ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்களை எதிரெதிரே அனுப்பிவிட்டு, அவை மூக்கோடு மூக்கு நின்று விடியவிடிய மரியாதை பண்ணிக்கொள்வதையும் இவர்களே உண்டாக்குவார்கள், இவர்களே கண்டுபிடிப்பார்கள். கடைசியாக ஓட்டுநருக்குக் கொடுத்த கட்டளைகளைப் படிப்பார்கள். போகச் சொன்ன ஊரே தப்பு என்று அப்போது தெரியும்.

‘ஓப்பன் ரெயில்ஸ்’ என்று இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளில் இன்னும் வசதி. விசையை அழுத்தினால், ஓடுகிற ரயில் ஒவ்வொன்றும் என்ன வேகத்தில் போகிறது, எதற்காக நிற்கிறது, இன்னும் எவ்வளவு தூரம் போக அதற்கு அனுமதி இருக்கிறது என்று பட்டியலே திரையில் விரிகிறது. நடந்ததெல்லாம் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம்.

இத்தனை தேடலிலும் ஒருவர்கூட ஓட்டுநரின் சட்டையைப் பிடிப்பதில்லை. அவர் காட்டிய விளக்கைப் பார்த்தார், போட்ட பாதையில் போனார், கொடுத்த கட்டளையை நிறைவேற்றினார், அவ்வளவுதான் என்பது பள்ளிக்கூடத்துப் பையனுக்கும் தெரிந்திருக்கிறது. ஒரு ராத்திரி முழுக்கக் கண்விழித்துத் தன் தப்பைத் தானே கண்டுபிடித்துத் திருத்திவிட்டுத் தூங்கப் போகிறான். பாவம், சுலபமான வழி ஒன்று இருப்பது அவனுக்குத் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுக்க டெல்லியில் ரயில்வே அமைச்சகத்தின் ரயில் பவன் இருக்கிறது.

2024 ஜூன் 17. மேற்கு வங்கத்தில் ரங்கபாணி அருகே கஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்பக்கம் ஒரு சரக்கு ரயில் மோதியது. 10 பேர் செத்தார்கள். அன்று பொழுதுகூடச் சாயவில்லை. ரயில்வே வாரியத் தலைமை காரணத்தை அறிவித்துவிட்டது: சரக்கு ரயில் ஓட்டுநர் சிக்னலை மதிக்கவில்லை. எப்பேர்ப்பட்ட வேகம்! அந்த வேகம் மட்டும் ரயில்களுக்கு வந்துவிட்டால் புல்லட் ரயிலே தேவையில்லை. அந்தப் பாதையில் காலை 5.50-லிருந்தே தானியங்கி சிக்னல்கள் பழுது. எல்லாச் சிவப்பு விளக்குகளையும் தாண்டிப் போகலாம் என்று அந்த ஓட்டுநருக்கு டி.ஏ. 912 என்ற அனுமதிச் சீட்டைக் கொடுத்ததே ரயில்வேதான். சீட்டில் வேகம் எவ்வளவு என்று எழுதவில்லை. கொடுத்த கை காணாமல் போய், வாங்கிய கை மட்டும் குற்றவாளி ஆனது.

ஓட்டுநரோடு துணை ஓட்டுநரும் இறந்துவிட்டார் என்று அறிவித்தார்கள். மனுஷன் ஆஸ்பத்திரியில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். செத்த ஓட்டுநர் மீதும் சாகாத துணை ஓட்டுநர் மீதும் ரயில்வே போலீஸ் வழக்குப் பதிந்தது; காயம்பட்ட ஒரு பயணி கொடுத்த புகாராம். அந்தப் பெண்ணோ அப்படியொரு புகாரை நான் கொடுக்கவே இல்லை என்றார். பிறகு ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை வந்தது. அன்று காலை அதே சீட்டை வாங்கிக்கொண்டு அதே பாதையில் போன மற்ற ரயில்களிலும் பெரும்பாலானவை விதியில் சொன்ன வேகத்தில் போகவில்லை. அந்த விதியை ஊழியர்களுக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. இது நடக்கக் காத்திருந்த விபத்து. ஆனால் முதல் நாள் சொன்னது தலைப்புச் செய்தியானது. ஒரு மாதம் கழித்துச் சொன்னதை எத்தனை பேர் படித்தார்கள்?

அதற்கு முந்தைய ஆண்டு, 2023 அக்டோபர் 29, ஆந்திராவின் விஜயநகரம் மாவட்டம். ஒரு பாசஞ்சர் ரயிலின் பின்னால் இன்னொரு பாசஞ்சர் மோதி 14 பேர் இறந்தார்கள். மோதிய ரயிலின் ஓட்டுநரும் துணை ஓட்டுநரும் இறந்துபோனார்கள். நாலு மாதம் கழித்து, இருவரும் செல்போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று ரயில்வே அமைச்சரே சொன்னார். பாதுகாப்பு ஆணையரின் விசாரணை அந்தக் கதையை ஏற்கவில்லை. செத்தவர்கள் எழுந்துவந்து மறுப்பு அறிக்கை விடமாட்டார்கள் என்ற தைரியம் இருந்தால் இதுபோல இன்னும் நிறைய சொல்லலாம்.

சிக்னல் ஒன்று சொல்லி, பாயிண்ட் வேறொன்று சொன்னால் என்ன ஆகும் என்று விளையாட்டுப் பையனைக் கேளுங்கள். ஒரு ஸ்டேஷனில் அப்படி ஆனால் உடனே மற்ற எல்லா ஸ்டேஷன்களையும் போய்ச் சோதிப்பேன் என்பான். நம்மவர்கள் அவ்வளவு அவசரப்படுகிறவர்கள் அல்ல. 2022 மே 16-ல் கரக்பூர் கோட்டத்தில் பாங்ரா நயாபாஸ் என்ற ஸ்டேஷனில் வயரிங் தப்பாகி, ரயில் வேறு பாதையில் போனது. 2023 பிப்ரவரியில் கர்நாடகத்தின் ஹொசதுர்கா ரோடு அருகே சிக்னல் காட்டிய பாதை ஒன்று, பாயிண்ட் போட்டிருந்த பாதை இன்னொன்று. அன்றைக்கு ஊரைக் காப்பாற்றியது ஓட்டுநர். உற்றுப் பார்த்து ரயிலை நிறுத்திவிட்டார். இது ஆபத்து என்று தென்மேற்கு ரயில்வேயின் மூத்த அதிகாரி ஒருவர் கடிதமும் எழுதினார். அந்தக் கடிதம் எந்த லூப் லைனில் ஒதுக்கப்பட்டதோ!

நாலே மாதத்தில், 2023 ஜூன் 2 அன்று, ஒடிசாவின் பாஹாநாகா பஜாரில் சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் பச்சை விளக்கு. பாயிண்டோ லூப் லைனுக்குத் திறந்திருந்தது. அங்கே இரும்புத் தாது ஏற்றிய சரக்கு ரயில் நின்றது. மணிக்கு 130 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான வேகத்தில் போய் மோதியதில், 290-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். முன்பதிவில்லாப் பெட்டியில் வேலை தேடிப் புறப்பட்டு வந்தவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். சிக்னல் இணைப்பை மாற்றியதிலும், ரயில்வே கேட் 94-ல் தடுப்பை மாற்றும் வேலையிலும் நடந்த தவறுகளே காரணம் என்று பாதுகாப்பு ஆணையர் எழுதினார். பாங்ரா நயாபாஸுக்குப் பிறகே சரிசெய்திருந்தால் இது நடந்திருக்காது என்றும் எழுதினார். இந்த முறை ஓட்டுநர் மேல் பழிபோட வழியில்லை. சிபிஐ வந்தது, சிக்னல் பிரிவு ஊழியர்கள் மூன்று பேரைக் கைதுசெய்தது. ஏணியில் அதற்கு மேலே ஏற சிபிஐக்கும் கால் வலித்ததுபோல. சிபிஐ விசாரணை நடப்பதால் ஆணையரின் முழு அறிக்கையை வெளியிடமாட்டோம் என்றது ரயில்வே. பத்து வயதுப் பையன் தன் பொம்மை விபத்தின் பதிவேட்டைத் திறந்து படிக்கலாம். 290 பிணங்களின் பதிவேடு மட்டும் நமக்கு ரகசியம்.

கணினி ஓட்டுநருக்குப் பசியில்லை, தூக்கமில்லை, மூத்திரம் வராது. ரயில் பவனின் கனவு ஓட்டுநர் அவர்தான். அதனால்தான் ரத்தமும் சதையுமான ஓட்டுநர்களையும் அதே கணக்கில் வைத்திருக்கிறார்கள். 10 மணி நேர வேலை என்று 1973-ல் ரயில்வே அமைச்சர் வாக்குறுதி கொடுத்தார். அதைக் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அதையே கேட்கிறார்கள். வாரத்துக்கு 46 மணி நேரம் ஓய்வு வேண்டும், தொடர்ந்து இரண்டு இரவுகளுக்கு மேல் வேலை கூடாது என்று 2024 ஜூனில் தெற்கு ரயில்வே லோகோ பைலட்டுகள் போராடினார்கள். கையில் கிடைத்தது சார்ஜ் மெமோவும் சஸ்பென்ஷனும். அந்தப் போராட்டம் நடந்துகொண்டிருந்தபோதுதான் ரங்கபாணி. சாப்பிடவும் மூத்திரம் போகவும் இடைவேளை என்று விதி போடுவது சாத்தியப்படாது என்று 2025-ல் வாரியம் முடிவுசெய்தது. வழியில் எங்கே இறங்குவது என்று பயந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் இன்ஜினில் ஏறும் பெண் ஓட்டுநர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஓட்டுநர் கொட்டாவி விடுகிறாரா என்று பார்க்க இன்ஜினுக்குள் கேமரா வைக்க மட்டும் இடமும் கிடைக்கிறது, பணமும் கிடைக்கிறது. வேலை வாங்கும்போது அவர் இயந்திரம். பழி போடும்போதுதான் மனிதன்.

ஆள் பற்றாக்குறை என்று சங்கங்கள் தொண்டை வற்றக் கத்தின. 2024 ஜனவரியில் துணை ஓட்டுநர் வேலைக்கு 5,696 இடங்கள் என்று அறிவித்தார்கள். ரங்கபாணி நடந்த சில நாட்களில் அதே அறிவிப்பு 18,799 இடங்களாக வீங்கியது. 13,103 காலியிடங்கள் ஜனவரியில் கண்ணுக்குத் தெரியவில்லை. பத்துப் பிணங்களைப் பார்த்ததும் தெரிந்துவிட்டன.

ஓட்டுநர் தவறினாலும் ரயிலைத் தானே நிறுத்தும் ‘கவச்’ நம்மிடம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2022 மார்ச்சில் அமைச்சர் ஒரு இன்ஜினிலும் வாரியத் தலைவர் எதிரே வந்த இன்னொரு இன்ஜினிலும் ஏறிப் பரிசோதித்தார்கள். 380 மீட்டர் முன்பே ரயில் தானாக நின்றது. கைதட்டினோம். ரங்கபாணி விபத்து நடந்தபோது, நாட்டிலுள்ள ஏறத்தாழ 68,000 கிலோமீட்டர் ரயில் பாதையில் கவச் இருந்தது சுமார் 1,465 கிலோமீட்டரில். அமைச்சர் ஏறிய பாதையில் இருந்தது. பாஹாநாகாவிலும் ரங்கபாணியிலும் மக்கள் ஏறிய பாதையில் இல்லை.

எனவே விளையாட்டு நிறுவனங்களுக்கு ஒரு யோசனை. அடுத்த பதிப்பில் ‘ரயில்வே வாரியம்’ என்று ஒரு பொத்தான் வையுங்கள். ரயில்கள் மோதியதும் அழுத்தினால் போதும். திரையில் ‘ஓட்டுநரே காரணம்’ என்று வரும். அவர் உயிரோடு இருந்தாலும் இறந்ததாகக் காட்டும். கொடுக்காத புகாரில் வழக்கு பதிவாகும். பதிவேட்டுக்குப் பூட்டு விழும். ஆட்டக்காரர் உடனே அடுத்த ரயிலைக் கொடியசைத்து அனுப்பலாம். சிக்னல் அப்படியே இருக்கும், பாயிண்ட் அப்படியே இருக்கும், அதே இடத்தில் மறுபடி மோதும்; மறுபடி பொத்தானை அழுத்தலாம். எத்தனை முறை அழுத்தினாலும் பொத்தான் தேயாது, அதை அழுத்துகிற பதவிக்கும் ஒன்றும் ஆகாது.

ஓட்டுநர்கள் தப்பே செய்யமாட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. செய்வார்கள். கண் அயர்வார்கள், விதியைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள். அவருக்கு ஏன் தூக்கம் வந்தது, அந்த விதியை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள், அவர் தவறியபோது ரயிலை நிறுத்தியிருக்க வேண்டிய கருவி எங்கே போனது என்று கேட்பதற்குப் பெயர்தான் விசாரணை. அவற்றைக் கேட்காமல் முதல் மூச்சிலேயே இன்ஜினைக் காட்டுகிறவர் தன் நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்கிறார். விபத்து அறிக்கைகளைத் தேதி போட்டு வெளியிடுங்கள். எச்சரிக்கைக் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்த அதிகாரியின் பெயரையும் அதில் எழுதுங்கள். அதைச் செய்ய முதுகெலும்பு இல்லையென்றால், பிரேதப் பரிசோதனை முடியும்வரையாவது வாயை மூடிக்கொண்டிருங்கள்.