வாசிக்கத் தெரியாதவர் தந்த பேஸ்

வீட்டிலேயே எலெக்ட்ரிக் பேஸ் கிட்டார் செய்யப் போகிறானாம் என் தம்பி. ஒழுங்காக வாசிக்கவே இன்னும் வரவில்லை, இது தேவையா?

லியோ ஃபெண்டருக்கு மட்டும் வாசிக்கத் தெரியுமா? கிட்டார் வாசிக்கவே கற்காத ரேடியோ பழுதுபார்ப்பவர் அவர். கலிஃபோர்னியாவில் 1951-ல் அவர் கொண்டுவந்த பிரசிஷன் பேஸில் கழுத்தை உடலோடு ஒட்டவில்லை. நான்கு திருகாணிகளால் இறுக்கினார். அதனால்தான் இன்று கழுத்தைத் தனியாக வாங்கிக்கொண்டு, உடலை மட்டும் வீட்டில் அறுத்துச் செதுக்க முடிகிறது. 'தச்சு வேலை தெரியாதவன் செய்தால் சுருதி சேருமா?' என்பீர்கள். சுருதியைக் காப்பது அளவு. தந்தியின் நீளம் 34 அங்குலம் என்றால் 12-வது ஃப்ரெட் (கழுத்தின் குறுக்குக் கம்பி) சரிபாதியான 17-ல் நிற்க வேண்டும். மிஞ்சும் சிறு பிசகைப் பிரிட்ஜில் உள்ள திருகு சரிசெய்யும். பணம் மிச்சமாகுமா என்றால், ஆகாது. கருவிகளின் விலையையும் சேர்த்தால் கடை பேஸைவிடக் கூடுதலாகவே ஆகலாம். ஆனால், ஃப்ரெட் இல்லாத தன் பேஸின் விரல்பலகைக்குப் படகுக்கு அடிக்கும் எபாக்ஸியைப் பூசிய பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸின் நாதம் எந்தக் கடையிலும் விற்பனைக்கு இருக்கவில்லை. தன் காது கேட்கும் ஒலியைத் தன் கையால் தேடுபவன் இசையைத்தான் கற்கிறான்.

தம்பியைத் தடுக்காதீர்கள், நல்ல எஃகு அளவுகோல் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.