மௌனம் சம்மதம், தபால்தலை தனி

2019 கோடையில் அமெரிக்காவின் சேஸ் வங்கி தன் கிரெடிட் கார்டுதாரர்களுக்கு ஓர் அறிவிப்பு அனுப்பியது. ஒப்பந்தம் மாறுகிறது. இனிமேல் உங்களுக்கும் வங்கிக்கும் தகராறு வந்தால் கோர்ட் படியேற முடியாது. தனியார் நடுவர் ஒருவர் முன்னால் போய் நிற்க வேண்டும். அங்கேயும் ஒற்றை ஆளாகத்தான் வர வேண்டும். உங்களைப் போலவே ஏமாந்த நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு கூட்டு வழக்கு என்று வரக் கூடாது. நடுவர் சொன்னதே முடிவு. அப்பீல் என்பது பேருக்குத்தான். சில்லறைத் தொகைகளுக்கான சிறு வழக்கு மன்றத்தை மட்டும் பெரிய மனசு பண்ணி விட்டுவைத்திருந்தார்கள்.

இதற்கு நீங்கள் கையெழுத்துப் போட வேண்டாம். சரி என்று தலையாட்டக்கூட வேண்டாம். அறிவிப்பைப் படிக்காமல் குப்பையில் போட்டாலும் போதும், சம்மதித்துவிட்டீர்கள்.

சம்மதம் இல்லாதவர்களுக்கும் வழி வைத்திருந்தார்கள். வங்கியின் ரசனை அதில்தான் தெரிகிறது. ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் ஒரு காகிதத்தில் பெயர், முகவரி, கணக்கு எண் எழுதி, ‘நடுவர் விசாரணைக்கு நான் உடன்படவில்லை’ என்று குறிப்பிட்டு, கையெழுத்திட்டு, டெலவர் மாநிலம் வில்மிங்டனில் உள்ள ஒரு தபால் பெட்டிக்கு அனுப்ப வேண்டும். போனில் சொன்னால் செல்லாது. மின்னஞ்சல் செல்லாது. ஆப்பில் பொத்தான் கிடையாது. இதே வங்கியின் ஆப்பில் ஒரு செக்கைப் போட்டோ பிடித்து அனுப்பினால் பணம் கணக்கில் ஏறிவிடும். பணம் கட்டுவதற்கு விரல் நுனி போதும். ‘முடியாது’ என்று சொல்வதற்கு மட்டும் அன்றைய விலையில் 55 சென்ட் தபால்தலை வாங்கி, எச்சில் தொட்டு உறை ஒட்டி, தபால் பெட்டி தேடிப் போக வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் வங்கி இன்னும் 19-ஆம் நூற்றாண்டில் வசிக்கிறது.

அந்தக் கடிதத்துக்கு மாதிரி எதுவும் கொடுக்கவில்லையே என்ற குறை இருக்கக் கூடாது. நம் பள்ளிக்கூட லீவ் லெட்டர் பழக்கத்தில் நானே எழுதித் தருகிறேன்:

‘ஐயா, கோர்ட்டுக்குப் போகும் உரிமை என்று ஒன்று எனக்கு ஏற்கெனவே இருந்து வருகிறது. அதைத் தாங்கள் எடுத்துக்கொள்ளப் போவதாகத் தெரிவித்திருந்தீர்கள். தயவுசெய்து அதை என்னிடமே விட்டுவைக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிந்துள்ள கடனாளி.’

சட்டப்படி எல்லாம் சுத்தம். 2009-இல் வந்த கிரெடிட் கார்டு சட்டம் முக்கியமான மாற்றம் என்றால் 45 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்கிறது. சொன்னார்கள். லவுஞ்ச், பாயிண்ட், கேஷ்பேக் கணக்கையெல்லாம் கரைத்துக் குடித்த நியூஜெர்சி, டெக்சாஸ் தமிழர்கள் உட்பட எத்தனை பேர் அதைத் திறந்து படித்திருப்பார்கள் என்பது வங்கிக்கும் தெரியும். படிக்க மாட்டார்கள் என்பதுதானே திட்டம்.

இதில் வயிறு எரிகிற இன்னொரு சங்கதி உண்டு. பெரிய வங்கிகள் தங்களுக்குள் கூடிப் பேசித்தான் இந்த நடுவர் நிபந்தனையைக் கார்டுகளில் புகுத்தின என்று முன்பே ஒரு வழக்கு நடந்தது. சேஸ், பேங்க் ஆஃப் அமெரிக்கா, கேபிடல் ஒன், எச்எஸ்பிசி நான்கும் சமரசத்துக்கு வந்து, மூன்றரை ஆண்டு அந்த நிபந்தனையை எடுத்துவிடுகிறோம் என்று ஒப்புக்கொண்டன. அது ஒரு கூட்டு வழக்கு. வாடிக்கையாளர்கள் ஒன்றுசேர்ந்து கோர்ட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று பட்டுத் தெரிந்துகொண்ட வங்கிதான், இனி ஒன்றுசேரவும் கூடாது, கோர்ட்டுக்கும் போகக் கூடாது என்று 2019-இல் கடுதாசி போட்டது.

சரி, அந்த நடுவர் யார்? நியாயஸ்தர்தானே, அவரிடம் போனால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். மினசோட்டாவில் நேஷனல் ஆர்பிட்ரேஷன் ஃபோரம் என்று ஒரு நிறுவனம் இருந்தது. கார்டு கம்பெனிகளின் கடன் பாக்கி வழக்குகள் மூட்டை மூட்டையாக அங்கேதான் போய் இறங்கின. கலிபோர்னியாவில் அது நடத்திய வழக்குகளை ஆராய்ந்து பப்ளிக் சிட்டிசன் அமைப்பு 2007-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நடுவர் முடிவு சொன்ன வழக்குகளில் 94 சதவீதம் கம்பெனி பக்கம். மீதி 6 சதவீதம் எப்படித் தப்பியது என்றுதான் விசாரித்திருக்க வேண்டும்.

ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் எலிசபெத் பார்த்தலே அங்கே நடுவராக இருந்தவர். கம்பெனிக்குச் சாதகமாக வரிசையாக முடிவு சொல்லிக்கொண்டிருந்த வரைக்கும் அவருக்கு ஒரு தொல்லையும் இல்லை. ஒரே ஒரு வழக்கில் வாடிக்கையாளருக்குப் பணம் கொடுக்கச் சொன்னார். அதற்கப்புறம் அதே கம்பெனியின் மற்ற வழக்குகளிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். அமெரிக்க செனட் குழு முன்னால் அவரே போய்ச் சொன்ன கதை இது. 2009 ஜூலையில் மினசோட்டா அட்டர்னி ஜெனரல் லோரி ஸ்வான்சன் வழக்குப் போட்ட பிறகு மிச்சமும் வெளியே வந்தது. நடுவர் நிறுவனத்திலும் கடன் வசூல் செய்யும் அமைப்புகளிலும் ஒரே முதலீட்டுக் குழுவின் பணம். வாதியின் வீட்டுத் திண்ணையிலேயே பாய் போட்டுப் படுத்திருக்கிற பஞ்சாயத்தார் வேறென்ன தீர்ப்புச் சொல்வார்? வழக்கு வந்து ஒரு வாரத்துக்குள் ‘இனி வாடிக்கையாளர் வழக்குகளையே எடுக்க மாட்டோம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு அந்த ஃபோரம் ஒதுங்கிக்கொண்டது. அதுவரை அது போட்ட உத்தரவுகளால் சம்பளத்தில் பிடித்தம் விழுந்தவர்களின் கதையை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

இத்தனைக்கும் வேர் 1925-இல் வந்த ஒரு சட்டம். வியாபாரிகள் தங்களுக்குள் வரும் சரக்கு, விலைத் தகராறுகளை கோர்ட்டுக்கு இழுக்காமல் நடுவரை வைத்துத் தீர்த்துக்கொள்ளட்டும் என்ற நல்ல எண்ணத்தில் வந்தது. அது எப்படி மளிகைக்குக் கார்டு தேய்க்கிறவன் கழுத்துவரை நீண்டது என்றால், உச்ச நீதிமன்றத்தின் புண்ணியம். டிஸ்கவர் கார்டின் தாமதக் கட்டணம் பற்றிய ஒரு வழக்கில், சின்னச் சின்னத் தொகையாகப் பல பேரை ஏமாற்றிவிட்டு ‘கூட்டு வழக்குப் போடாதே’ என்று ஒப்பந்தத்தில் எழுதிவைப்பது செல்லாது என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2005-இல் சொல்லியிருந்தது. 2011-இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் ஏடி அண்ட் டி வழக்கில் அதைத் தூக்கி எறிந்தது. ஐந்துக்கு நான்கு, எழுதியவர் நீதிபதி ஸ்காலியா. அங்கே தகராறு என்ன? இலவசம் என்று விளம்பரம் செய்த போனுக்கு விற்பனை வரி என்று 30 டாலர் 22 சென்ட் வாங்கிவிட்டார்கள்.

முப்பது டாலருக்காகத் தனியாக வழக்குப் போடுகிறவன் பைத்தியமாகவோ வெறியனாகவோதான் இருக்க வேண்டும் என்று நீதிபதி ரிச்சர்டு போஸ்னர் 2004-இல் ஒரு தீர்ப்பில் எழுதியிருந்தார். அதனால்தான் கூட்டு வழக்கு தேவை என்பது அவர் சொல்ல வந்தது. வங்கிகள் அதை வேறு மாதிரி படித்துக்கொண்டன: ஆளுக்கு முப்பது டாலருக்குள் திருடினால் பைத்தியங்களுக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஏழாம் திருத்தம், 1791-இல் வந்தது, 20 டாலருக்கு மேற்பட்ட வழக்குக்கே ஜூரி விசாரணை கேட்கும் உரிமை உண்டு என்கிறது. அந்தத் திருத்தத்தை இன்னும் யாரும் நீக்கவில்லை. அதை ஒரு கார்டு கம்பெனி, படிக்க முடியாத அளவுப் பொடி எழுத்தில், வீட்டுக்கு வீடு நீக்கிக்கொண்டு வருகிறது.

2013-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ். கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் ஓர் இத்தாலிய உணவகம், கார்டு கட்டணம் அநியாயம் என்று மற்ற சிறு வியாபாரிகளோடு சேர்ந்து வழக்குப் போட்டது. குற்றச்சாட்டை நிரூபிக்க நிபுணர் அறிக்கைக்கே பல லட்சம் டாலர் ஆகும். ஜெயித்தால் ஒரு வியாபாரிக்கு அதிகபட்சம் மூன்று மடங்கு இழப்பீடு, 38,549 டாலர். பரவாயில்லை, தனித்தனியாகவே போ என்றது உச்ச நீதிமன்றம். ஏகபோகம் நடத்துகிறவனே, தன்மேல் ஏகபோக வழக்கு வராதபடி ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாமா என்று நீதிபதி எலெனா கேகன் மாறுபட்ட தீர்ப்பில் பொரிந்து தள்ளினார். பொரிந்ததோடு சரி.

வெல்ஸ் ஃபார்கோவின் துணிச்சலுக்கு இதெல்லாம் உறை போடக் காணாது. ஊழியர்களுக்கு இலக்கு வைத்து விரட்டி, வாடிக்கையாளருக்கே தெரியாமல் அவர் பெயரில் லட்சக்கணக்கில் போலிக் கணக்குகளையும் கார்டுகளையும் திறந்த வங்கி அது. முதலில் 20 லட்சம் என்றார்கள், பிறகு 35 லட்சம் வரை இருக்கலாம் என்றார்கள். 2016-இல் 18.5 கோடி டாலர் அபராதம் கட்டியது. விஷயம் நாறுவதற்கு முன்பே ஏமாந்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். வங்கி என்ன சொல்லித் தடுத்தது தெரியுமா? நீங்கள் உண்மையாகத் திறந்த கணக்கின் ஒப்பந்தத்தில் நடுவர் நிபந்தனை இருக்கிறது, ஆகவே நாங்கள் போலியாகத் திறந்ததற்கும் அதுவே பொருந்தும். கையெழுத்தைத் திருடியவன், அசல் கையெழுத்தைக் காட்டி ‘இதுதான் ஒப்பந்தம்’ என்று நிற்கிறான். கோர்ட்டும் 2015-இல் அதை ஏற்று, நடுவரிடம் போகச் சொன்னது.

இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2015-இல் ஒரு தடித்த ஆய்வை வெளியிட்டு, 2017-இல் ஒரு விதி கொண்டுவந்தது. நடுவர் இருக்கட்டும், கூட்டு வழக்கை மட்டும் தடுக்கக் கூடாது என்ற எளிய விதி. வங்கிகளும் அவர்களுடைய வக்கீல்களும் வாடிக்கையாளர் நலனுக்காகக் கண்ணீர் விட ஆரம்பித்தார்கள். கூட்டு வழக்கில் ஆளுக்குச் சில டாலர்தான் கிடைக்கிறது, லாபம் வக்கீலுக்கு; நடுவரிடம் ஜெயித்தவருக்குச் சராசரியாக 5,389 டாலர் கிடைத்ததே என்றார்கள். வக்கீல் லாபம் என்பது பொய்யில்லை. அந்தச் சராசரியும் பொய்யில்லை. அதே ஆய்வில்தான் இருக்கிறது. எத்தனை பேருடைய சராசரி? 2010, 2011 இரண்டு ஆண்டில் தாக்கலான வழக்குகளில், நடுவர் முடிவு வரை போய்த் தங்கள் கோரிக்கைக்கு நிவாரணம் பெற்றவர்கள் 32 பேர். அமெரிக்கா முழுக்க 32 பேர். ஒரு டவுன் பஸ்ஸில் ஏற்றிவிடலாம். கம்பெனிகள் கேட்ட 244 வழக்கில் 227-இல் அவர்களுக்குக் கிடைத்தது, 28 லட்சம் டாலர்.

2017 அக்டோபர் 24 ராத்திரி செனட்டில் அந்த விதியை ஒழிக்க ஓட்டெடுப்பு. 50க்கு 50. துணை ஜனாதிபதி மைக் பென்ஸ் வந்து ஓட்டுப் போட்டு முடித்துவைத்தார். நவம்பர் 1-ஆம் தேதி டிரம்ப் கையெழுத்து. வங்கிகள் விதிக்குக் கட்டுப்பட வேண்டிய நாள் வருவதற்குள் கருமாதி முடிந்தது.

வேடிக்கை, இதே நாடாளுமன்றம் வேறு சிலருக்குக் கேட்டவுடன் செய்து கொடுத்திருக்கிறது. கார் கம்பெனிகள் தங்கள்மேல் நடுவர் நிபந்தனையைத் திணிக்கின்றன என்று கார் டீலர்கள் போய் அழுதார்கள். 2002-இல் அவர்களுக்கென்றே விலக்குச் சட்டம் வந்தது. அந்த டீலர்களிடம் கார் வாங்குகிறவனுக்கு வந்த ரசீதைப் பார்த்தால் அதிலே நடுவர் நிபந்தனை இருக்கிறது. ராணுவத்தில் பணிபுரிகிறவர்களிடம் கார்டு கம்பெனி இந்த நிபந்தனையை வைக்கக் கூடாது என்றும் சட்டம் உண்டு. ஆக, இது நல்லதில்லை என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

கம்பெனிகளுக்கும் தெரிந்த நாள் வந்தது. ‘தனித்தனியாகத்தானே வரச் சொன்னீர்கள், வருகிறோம்’ என்று சில வக்கீல்கள் ஆயிரக்கணக்கான தனி மனுக்களை ஒரே நேரத்தில் தாக்கல் செய்தார்கள். ஒவ்வொரு மனுவுக்கும் நடுவர் கட்டணத்தில் பெரும்பங்கைக் கம்பெனிதான் கட்ட வேண்டும் என்பது அவர்களே எழுதிய ஒப்பந்தம். உணவு டெலிவரி நிறுவனமான டோர்டாஷுக்கு அதன் டெலிவரி ஆட்களிடமிருந்து வந்த மனுக்கள் 5,000க்கு மேல், கட்டணம் 90 லட்சம் டாலருக்கு மேல். கட்ட மாட்டோம், கூட்டு வழக்காகவே பேசித் தீர்த்துக்கொள்கிறோம் என்று கோர்ட்டில் வாதிட்டது. நீ எழுதிய ஒப்பந்தம், நீயே கட்டு என்று நீதிபதி வில்லியம் ஆல்சப் 2020-இல் திருப்பி அனுப்பினார். படித்து நான் வாய்விட்டுச் சிரித்த அபூர்வமான தீர்ப்பு அது.

அமேசானுக்கு எக்கோ கருவி விஷயத்தில் 75,000 மனு வந்தது. கட்டணமே கோடிக்கணக்கான டாலர். கோர்ட் என்றால் தாமதம், செலவு, வாடிக்கையாளருக்கு அலைச்சல் என்று இத்தனை காலம் நாட்டுக்கே பாடம் எடுத்துக்கொண்டிருந்த கூட்டத்தின் பெரிய தலை, 2021-இல் நடுவர் நிபந்தனையைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு, வழக்கு இருந்தால் வாஷிங்டன் மாநிலம் கிங் கவுண்டி கோர்ட்டுக்கு வாருங்கள் என்று எழுதிவைத்தது. மற்ற பல நிறுவனங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. மொத்தமாக மனு வந்தால் பத்தோ நூறோ எடுத்து முதலில் விசாரிப்போம், மிச்சப் பேர் காத்திருக்கட்டும் என்று புதிதாக ஒரு பத்தி சேர்த்து, மாற்றப்பட்ட ஒப்பந்தத்தை எல்லாருக்கும் அனுப்பிவிட்டன.