ட்ரையருக்குக் கருமாதி வைக்கிறதுக்கு முந்தி

வாய்யா மாப்ளே, உக்காரு. வாஷிங் மிஷின்ல ட்ரையர் சுத்தலைன்னு நீ போன்ல சொன்னப்பவே உங்க அத்தைகிட்டச் சொல்லிட்டேன், பய இந்நேரம் கடையில தவணைச் சீட்டுல கையெழுத்துப் போடப் பேனா தேடிக்கிட்டிருப்பான்னு. மூஞ்சியைத் திருப்பாத, தெரியுது.

தப்பில்லய்யா. எங்க காலத்துல பிழிய ரெண்டு கை, காயப்போட ஒரு வேலி. உங்களுக்கு அஞ்சாவது மாடி. மொட்டைமாடி வெயில்ல உதறிப் போட்டா அரைமணியில அப்பளமாயிரும். ஆனா அதுக்கு ஒரு மாடி ஏறணுமே, பாவம்.

ஒண்ணு கேக்கேன். செத்தது யாருன்னு பாத்தியா? மூடியை மூடி டைமரைத் திருகுனப்ப உறுமுச்சா, இல்ல ஊமையா இருந்துச்சா? "கவனிக்கலை மாமா"ங்கிற. கல்யாணப் பந்தியில பக்கத்து இலைக்கு எத்தனை கரண்டி பாயசம்னு மட்டும் கவனிப்ப.

முதல்ல பிளக்கைப் புடுங்கு. சுவிட்சை அமத்துறது இல்ல, புடுங்குறது. பின்பக்கத் தகட்டைக் கழட்டு. மேல மூடி மூடியே இருக்கட்டும். திறந்தா பிரேக் பிடிச்சுக்கும், அதைப் பாத்துட்டு மோட்டார் இறுகிப்போச்சுன்னு அழுவ. ட்ரையர் மோட்டார் தலைமேல வட்டமா ஒண்ணு இருக்கும், கையால சுத்து. லேசா சுத்துதா? ஆனா கரண்டு குடுத்தா உறுமிட்டு நிக்குதா? அப்பக் கண்டன்சர்தான். நம்ம வீட்டு டேபிள் ஃபேனைக் குச்சியால தள்ளிவிடுவமே, அதே வியாதி. நூறு இருநூறு ரூபா சாமான் மாப்ளே. அதுக்குப் பத்தாயிரத்துல புது மிஷின் வாங்கப் போறவன், செருப்பு வார் அந்துச்சுன்னா காலையே மாத்துவான்.

பிளக்கைப் புடுங்குனாலும் கண்டன்சருக்குள்ள கொஞ்சம் கரண்டு பதுங்கிக் கிடக்கும். குண்டு பல்பு ஒயரை அதோட ரெண்டு முனையிலயும் தொட வச்சு இறக்கிட்டுக் கையை வையி. மேல எத்தனை மைக்ரோஃபாரட்னு எழுதியிருக்கோ அதையே வாங்கு. "இதைவிடப் பெருசு, நல்லா இழுக்கும்"னு ஒருத்தன் குடுப்பான். இழுக்கும், காயிலையும் சேத்து.

கழட்டுமுன்ன ஒயரை ஒரு போட்டோ எடுத்துக்க. நான் எடுக்கலை. மாட்டி முடிச்சா, துவைக்கிற திருகைத் திருகுனா ட்ரையர் ஓடுது, ட்ரையரைத் திருகுனா துவைக்குது. உங்க அத்தை ஒரு மாசம் அப்படியே பழகிக்கிட்டா. என்னையே பழகிக்கிட்டவ.

சத்தமே இல்லையா? மூடிக்கு அடியில ஒரு குட்டிச் சுவிட்சு இருக்கு, மூடுனாத்தான் கரண்டு விடும். அதுல துரு பிடிச்சிருக்கும், இல்லாட்டி அடிவழியா எலி புகுந்து ஒயரைக் கடிச்சிருக்கும். சுவிட்சு போச்சுன்னா புதுசு போடு. ரெண்டு ஒயரையும் முறுக்கி விட்டுட்டு "ஓடுது பாத்தியா"ன்னு மீசையை முறுக்காத. நிமிசத்துக்கு 1,300 சுத்துக்கு மேல ஓடுற தொட்டியில புள்ளைக கையை விட்டா துணியா கையான்னு அது பாக்காது.

கருகுன வாடை அடிச்சா வேற கதை. தொட்டிக்கு அடியில இருக்கிற ரப்பர் சீல் கிழிஞ்சு தண்ணி மோட்டார் மேல சொட்டியிருக்கும். பேரிங் கரகரங்கும், அப்புறம் காயில் வேகும். அதை வீடியோ பாத்துச் செய்யாத, மோட்டார் காயில் கட்டுறவன்கிட்டக் கொண்டுபோ. சீலை மாத்தாம மோட்டாரை மட்டும் மாத்துனா, ஓட்டைக் கூரைக்கு அடியில புதுப்பாய் விரிச்ச மாதிரிதான். உப்புத்தண்ணியில உடம்புத் தகடும் உதிருதுன்னா, சரி, புதுசு வாங்கு. நான் என்ன வேண்டாம்னா சொல்றேன்?

ஆனா பழசைக் கடைக்காரன் ஆயிரம் கழிக்கிறேன்னா குடுத்துறாத. சனிக்கிழமை வாழைக்கா ஏத்திக்கிட்டு நம்ம வண்டி மதுரை வருது, திரும்புறப்ப ஏத்தி விட்டுரு. மாமன் சும்மா ஒரு ஓரமா போட்டு வைக்கேன். என்ன முழிக்கிற? இங்க ஓடுதே, இது உன் சகலை மூணு வருசத்துக்கு முந்தி தூக்கிப் போட்டதுதான். ட்ரையர் உள்தொட்டிக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவுல காலுறை ஒண்ணு சிக்கிக் கிடந்துச்சு, வேற கோளாறே இல்ல. துவைச்சு வச்சிருக்கேன். ஜோடி அவன்கிட்ட இருக்கான்னு கேட்டுச் சொல்லு.