மரத்தடிக்கு வந்த உபதேசம்

உலகம் மாறிக்கொண்டே இருக்கிறதாம். அதற்கேற்ப நம்மை நாமே நிர்வகிக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். நேர மேலாண்மை, மன அழுத்த மேலாண்மை, தன்மேலாண்மை என்று கோட்டுப் போட்ட பேச்சாளர்கள் ஊர் ஊராகக் கூவுகிறார்கள். ஐயா, இந்தச் சரக்கை எங்கே வேண்டுமானாலும் இறக்குங்கள், ஆயக்குடியில் மட்டும் வேண்டாம். விலை போகாது.

பழனிக்குப் பக்கத்தில் உள்ள இந்த ஊரை வியாபாரிகளுக்குக் கொய்யாவால் தெரியும். அரசு வேலைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மரத்தடியால் தெரியும். தன்னார்வலர்கள் காசு வாங்காமல் நடத்தும் போட்டித்தேர்வு வகுப்பு அது. வார இறுதியில் வெளி மாவட்டங்களிலிருந்தும் பஸ் ஏறி வருகிறார்கள். மில்லில் இரவு ஷிப்ட் முடித்த கையோடு வருகிறவன் உண்டு. கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டு, அவர் முகச்சுளிப்பையும் வாங்கிக்கொண்டு வருகிறவள் உண்டு. தரையில் உட்கார்ந்து, மைக்கில் வரும் பாடத்தை மடியில் வைத்து எழுதுகிறார்கள். தன்னை நிர்வகிப்பது எப்படி என்று இவர்களுக்கு யார் வந்து சொல்லித்தருவது?

சம்பளம் வாங்கி அரசுத் தேர்வுகளை நிர்வகிப்பவர்களின் லட்சணத்தைப் பார்ப்போம்.

2019 செப்டம்பர் 1. குரூப் 4 தேர்வு. மாறும் உலகத்துக்கு ஏற்ப அன்று மாறியிருந்தவர்கள் திருடர்கள் மட்டுமே. ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் சிறிது நேரத்தில் மறைந்துபோகும் மையால் விடை குறித்தார்கள். விடைத்தாள் சென்னை போகும் வழியில் சரியான விடைகள் ஏறிக்கொண்டன. 2020 ஜனவரியில் குட்டு உடைந்தது. 99 பேருக்கு வாழ்நாள் தடை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் உடனே விழித்துக்கொண்டு விதிகளைத் திருத்தியது. தெரியாத கேள்விக்கும் ‘விடை தெரியவில்லை’ என்ற ஐந்தாவது வட்டத்தைக் கருப்பாக்க வேண்டும். எந்த வட்டம் எத்தனை என்று எண்ணியும் எழுத வேண்டும் என்றார்கள். களவு போனது அவர்கள் கண்காணிப்பில். கணக்கு எழுதியது மரத்தடிப் பிள்ளை.

அடுத்த குரூப் 4 நடந்தது 2022 ஜூலை 24. கொரோனாவைக் கழித்துக்கொள்ளலாம். சுமார் 18 லட்சம் பேர் எழுதினார்கள். 200 கேள்விக்கு மூன்று மணி நேரம். கேள்விக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. கருப்பாக்கிய வட்டங்களைப் படிப்பது இயந்திரம். அதன் முடிவு வந்தது 2023 மார்ச் 24 அன்று. எட்டு மாதம்! நேர மேலாண்மை யாருக்குத் தேவை என்கிறீர்கள்?

தேர்வறைக்கு ஒரு நிமிடம் பிந்தி ஓடிவரும் பெண்ணுக்குக் கேட் திறக்காது. அழுதாலும் திறக்காது, விதி விதிதான். ஆனால் 2023 பிப்ரவரி 25 குரூப் 2 முதன்மைத் தேர்வில் வருகைப் பட்டியலும் வினாத்தாள் எண்களும் ஒத்துப்போகாமல், பல மையங்களில் தேர்வே தாமதமாகத் தொடங்கியது. அன்று யாருக்காவது கேட்டைச் சாத்தினார்களா? அந்தத் தேர்வின் முடிவு 2024 ஜனவரியில்தான் வந்தது. அதற்குள் மரத்தடிப் பிள்ளைகள் எத்தனை பேர் வீட்டில் ‘இன்னும் எத்தனை நாளைக்குப் படிப்பே?’ என்ற கேள்வி விழுந்திருக்கும்!

உச்சம் இனிமேல்தான். ஆணையத் தலைவர் பாலச்சந்திரன் 2022 ஜூனில் ஓய்வு பெற்றார். கோட்டை ஒரு பெயரை அனுப்பியது, கிண்டியில் இருந்த ஆளுநர் திருப்பி அனுப்பினார். எஸ்.கே. பிரபாகர் நியமிக்கப்பட்டபோது 2024 ஆகஸ்ட் ஆகிவிட்டது. நாட்டுக்கு ஆள் எடுக்கும் ஆணையம், தனக்கொரு தலைவர் கிடைக்காமல் இரண்டு வருஷத்துக்கு மேல் பொறுப்புத் தலைவரோடு ஓடியது. நேர்காணலில் பிள்ளைகளிடம் ‘நெருக்கடியில் எப்படி முடிவெடுப்பீர்கள்?’ என்று கேட்பவர்கள் இவர்கள்.

ஆயக்குடிக் கொய்யாக்காரருக்கும் இதே போன்ற உபதேசம்தான்: மதிப்புக் கூட்டுங்கள், தொழில்முனைவோர் ஆகுங்கள். அவர் விடிவதற்குள் பறித்துப் பெட்டியில் அடுக்கிச் சந்தையில் நிற்கிறார். விலை விழுந்தால் கூலிகூடத் தேறாது, வைத்திருந்தால் அழுகும். சாறு ஆலை வேண்டும், குளிர்பதனக் கிடங்கு வேண்டும் என்ற கோரிக்கை பல தேர்தல்களைப் பார்த்துவிட்டது. எதை வைத்து மதிப்பைக் கூட்டுவார், நாக்கையா?

தேர்வாணையத்தைப் பற்றி நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2024 ஜூன் 9 அன்று நடந்த குரூப் 4-க்கு அக்டோபர் 28-லேயே முடிவு வந்துவிட்டது. பாராட்ட வாய் வருகிறது; கூடவே வயிறும் எரிகிறது. ஐந்து மாதத்துக்குள் முடிகிற வேலைக்கு முன்பு எட்டு மாதம் ஏன் எடுத்தார்கள்? பறிபோன மாதங்களை யார் வயதில் கழித்தார்கள்?

ஆகவே, தன்மேலாண்மைப் பேச்சாளர்களே, உங்களுக்கு ஒரு முகவரி தருகிறேன்: தேர்வாணைய அலுவலகம், பூங்கா நகர், சென்னை-3. மேடையை அங்கே போடுங்கள். தேர்வு என்றைக்கு, முடிவு என்றைக்கு என்று இரண்டு தேதிகளை முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி நடக்க அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். மீதியை ஆயக்குடிப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.